கிங்காங் உடம்பும் கொழுந்துக் கூடையும்

"அந்தக் காலத்து ஆளுங்க உடம்புதான் உடம்பு. இப்ப இருக்கிற பயலுக காத்தடிச்சா பறந்துருவானுக." மலேசியாவின் கேமரன் மலையில் தமிழர் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வந்துவிடும். கல்யாண வீட்டில் வரும், கருமாதி வீட்டிலும் வரும். போன திருவிழாவில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் வாசலில் ஒரு பெரியவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துச் சொன்னார்: "கிங்காங், தாராசிங் மாதிரி ஆம்பிளைங்கள நீங்க பார்த்ததில்ல. உங்க அம்மாமாரு கொழுந்து கிள்ளுறதையே பார்த்து வளர்ந்தீங்க. அதான் பலம்னா என்னன்னே தெரியாம போச்சு." எல்லாரும் கை தட்டினார்கள். முப்பது வருடம் கொழுந்து கிள்ளிய பெண்களும் தட்டினார்கள்.

அந்தப் பெண்களின் கைதட்டல் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எதிர்த் தரப்பை முதலில் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். எமில் சாயா என்ற கிங்காங் 1909இல் பிராஷோவில் பிறந்தவர். அந்த ஊர் அப்போது ஆஸ்திரியா-ஹங்கேரியில் இருந்தது. உடம்பு ஏறத்தாழ 200 கிலோ. சிங்கப்பூரைத் தளமாக வைத்துக்கொண்டு மலாயா, இந்தியா எங்கும் மல்யுத்த மேடை ஏறினார், 1970இல் சிங்கப்பூரிலேயே இறந்தார். அவர் காலை விரித்து நின்றால் கூட்டம் மூச்சை அடக்கும் என்று என் பெரியப்பா சொல்வார். ஒரு வேளைக்கு அவர் தின்ற முட்டையின் கணக்கு, சொல்லுகிற ஆளுக்கு ஆள் ஏறிக்கொண்டே போகும். அவரை எதிர்த்து நின்றவர் தாராசிங். பஞ்சாபிலிருந்து 1940களின் இறுதியில் சிங்கப்பூர் வந்து, தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே ஹர்னாம் சிங்கிடம் மல்யுத்தம் பழகினார். கோலாலம்பூரில் தர்லோக் சிங்கை வீழ்த்தி மலாயாவின் சாம்பியன் ஆனார். நம்மைப்போலக் கப்பலேறி வந்த ஒருவன், தன்னைவிட எழுபது கிலோ கூடுதலான வெள்ளைக்காரனைத் தலைக்குமேல் தூக்கிச் சுழற்றினான். துரைக்கு முன்னால் தலை நிமிராத தோட்டத்துச் சனத்துக்கு அது எத்தனை பெரிய ஆறுதல்! பெரியப்பாவின் கண் கலங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கண்ணீர் பொய் இல்லை.

ஆனால் அந்தக் கண்ணீரிலிருந்து நாம் வந்து சேர்ந்த முடிவு பொய். பெரிய உடம்பே பலம், அந்தப் பலத்துக்கு வெற்றியே சாட்சி, நம் முன்னோருக்கு அது இருந்தது, நம் பிள்ளைகளுக்கு இல்லை. இந்த நான்கும் தவறு. ஏன் என்று ஏழு பகுதியாகச் சொல்கிறேன்.

1. எந்த வெற்றியைச் சாட்சிக்கு அழைக்கிறீர்கள்? கிங்காங்கும் தாராசிங்கும் மோதிய இடங்கள் எவை என்று பாருங்கள். சிங்கப்பூரின் கிரேட் வொர்ல்டும் ஹேப்பி வொர்ல்டும் கேளிக்கைப் பூங்காக்கள். ஒரு பக்கம் ரோங்கெங் ஆட்டம், இன்னொரு பக்கம் சினிமாக் கொட்டகை, நடுவில் மல்யுத்த மேடை. டிக்கெட் விற்றால்தான் பிழைப்பு. தோற்றவர் அடுத்த வாரம் பழிவாங்க வருவார், அதற்கும் டிக்கெட். தொழில்முறை மல்யுத்தம் என்பது உலகம் முழுக்க முடிவைப் பேசிவைத்துக்கொண்டு ஆடும் ஆட்டம். அதை ஆட உண்மையான உடல் பயிற்சி வேண்டும், விழத் தெரிய வேண்டும், எலும்பு முறியும் ஆபத்தும் உண்டு. தாராசிங் பயில்வானே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1954இல் ருஸ்தம்-இ-ஹிந்த் பட்டம் பெற்றவர் அவர். நான் சொல்வது வேறு. எழுதிவைத்த ஆட்டத்தின் முடிவை யார் பலசாலி என்பதற்கு ஆதாரமாகக் காட்ட முடியாது. கூத்தில் பீமன் வேடம் கட்டியவர் துரியோதனன் வேடம் கட்டியவரைவிடப் பலசாலி என்று யாராவது சொல்வார்களா?

எழுதிவைக்காத மல்யுத்தம் ஒன்று அதே காலத்தில் நடந்தது. 1952, ஹெல்சிங்கி ஒலிம்பிக். மகாராஷ்டிரத்துக் கோலேஷ்வர் கிராமத்துக்காரர் கஷாபா ஜாதவ் வெண்கலம் வென்றார். சுதந்திர இந்தியா பெற்ற முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அது. அவரை ஹெல்சிங்கிக்கு அனுப்ப அவர் படித்த கல்லூரியின் முதல்வர் தன் வீட்டை அடமானம் வைத்தார். ஜாதவ் போட்டியிட்ட எடைப்பிரிவு 57 கிலோ. கிங்காங்கின் ஒரு தொடை அளவுகூட இருந்திருக்க மாட்டார். எங்கள் லயத்து வீடுகளின் சுவரில் தாராசிங் படத்தை நான் பார்த்திருக்கிறேன். ஜாதவின் படத்தை ஒரு வீட்டிலும் பார்த்ததில்லை. பலத்தையா மதித்தோம்?

2. 200 கிலோ உடம்புக்கு 200 கிலோவுக்குரிய பலம் உண்டா? இல்லை. உடம்பு எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு வளர்ந்தால் தசையின் குறுக்குவெட்டுப் பரப்பு நான்கு மடங்காகும். இழுக்கும் வலு அந்தப் பரப்பைப் பொறுத்தது. எடையோ எட்டு மடங்காகும். அதாவது பெரிய உடம்பின் பலத்தில் பெரும்பகுதி அந்த உடம்பைச் சுமக்கவே செலவாகிறது. எறும்பு தன்னைவிடப் பல மடங்கு பெரிய பருக்கையை இழுத்துப் போவதும் யானையால் குதிக்க முடியாததும் இதனால்தான்.

பளுதூக்கலைப் பாருங்கள், அங்கே கதை கட்ட முடியாது. இரும்பு மேலே போகும் அல்லது போகாது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் துருக்கியின் நயீம் சுலைமானோகுலு 60 கிலோ பிரிவில் 190 கிலோவைத் தலைக்குமேல் ஏற்றினார். தன் எடையைப்போல மூன்று மடங்குக்கும் மேல். குட்டை மனிதர், சட்டை போட்டு நின்றால் தெருவில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஜார்ஜியாவின் லாஷா தலகாட்சே 2021இல் அதே முறையில் 267 கிலோ தூக்கி உலக சாதனை படைத்தார். அவர் எடை 180 கிலோ அளவில், அதாவது தன் எடையில் ஒன்றரை மடங்கு. மொத்தக் கணக்கில் தலகாட்சேதான் அதிகம் தூக்கினார், அதை மறைக்க வேண்டியதில்லை. சமதளத்தில் ஒருமுறை இரும்பைத் தூக்குவதே வாழ்க்கை என்றால் பெரிய உடம்பு நல்லதுதான். ஆனால் நாம் வாழ்வது மேட்டில். இங்கே ஒவ்வோர் அடிக்கும் முதல் சுமை நம் உடம்பு.

எண்கள் எப்படி ஏமாற்றும் என்பதற்கு நம் ஆள் ஒருவரையே எடுத்துக்கொள்கிறேன். 'ராஜா கிகி' என்று பேரெடுத்த மலேசியத் தமிழர் ரத்தகிருஷ்ணன் வேலு 2007 ஆகஸ்ட் 30 அன்று கோலாலம்பூர் பழைய ரயில் நிலையத்தில் 297.1 டன் ரயிலைப் பல்லால் 2.8 மீட்டர் இழுத்தார். உலக சாதனை, தலைவணங்குகிறேன். ஆனால் அதைச் சொல்லும் எல்லாரும் அவர் 297 டன்னைத் தூக்கியதுபோலவே சொல்கிறார்கள். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்தை உருட்ட, அந்த எடையில் சிறு பங்கு இழுவிசை போதும். அப்படியும் சில நூறு கிலோ இழுவை வரும், அதைப் பல்லால் இழுப்பது அசாத்தியம். உள்ளதைச் சொன்னாலே அவர் பெருமை நிற்கும். எண்ணைப் பார்த்து வாயைப் பிளப்பவர்கள்தான் அவர் பழகிய வித்தையைப் பார்க்காமல் போகிறார்கள்.

3. மேடையில் செய்வது மட்டும்தான் பலமா? எளிய கணக்கு ஒன்று போடுவோம். ஒரு பயில்வான் 100 கிலோ ஆளைத் தரையிலிருந்து 2 மீட்டர் உயரம் தூக்குகிறான். நூறை இரண்டால் பெருக்கினால் 200. ஒரு பெண், எடை 45 கிலோ. முதுகில் 15 கிலோ கொழுந்து. பள்ளத்திலிருந்து நிறுவைக் கொட்டகைக்கு ஏறுகிறாள், செங்குத்தாக 50 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அறுபதை ஐம்பதால் பெருக்கினால் 3,000. ஒரே ஏற்றத்தில் அவள் செய்த வேலை, அந்தப் பயில்வான் 15 முறை ஆளைத் தூக்கியதற்குச் சமம். இது ஒரு நடைக்கு. மழையில் வழுக்கும் செம்மண்ணில், காலைப் பனியில், அட்டைக்கடியோடு. அப்புறம் மறுபடி இறங்கி இன்னொரு நடை.

"வேகம் இல்லையே? அவன் ஒரு நொடியில் தூக்குகிறான்" என்பீர்கள். சரி, நொடிப் பலம் ஒரு வகை, நாள் பலம் இன்னொரு வகை. ஒன்று மட்டும்தான் பலம் என்று பெயர் பெறும், மற்றது வெறும் 'வேலை' என்று ஒதுக்கப்படும் என்றால் அந்தப் பெயரை வைத்தது யார்? என் பாட்டி தன் கையை யாரிடமும் காட்டியதில்லை. கொழுந்துச் சாறு ஏறி விரல் நுனியெல்லாம் கறுத்து வெடித்திருக்கும். அறுபது வயதிலும் அவர் பிடித்த கையை நான் உதற முடிந்ததில்லை.

நம் ஊர்களில் பலத்துக்கு வேறு அளவுகோல் இருந்தது. தென்மாவட்டக் கிராமங்களில் இளவட்டக்கல் கிடக்கும். உருண்டைக் கல், வழுக்கும், பிடி கிடையாது. தூக்கித் தோளைத் தாண்டிப் போட்டவன் இளவட்டம். அவன் கறுப்பா சிவப்பா, ஒல்லியா தடியா என்று யாரும் கேட்பதில்லை. கல் மேலே போனதா என்பதே கேள்வி. திருநெல்வேலிப் பக்கம் வடலிவிளையில் பொங்கலுக்கு இன்றும் கல் தூக்குகிறார்கள், பெண்களும் தூக்குகிறார்கள். உடம்பையே காட்சிப் பொருளாக்கி அதைப் பார்த்துப் பலத்தை அளக்கும் பழக்கம் பிறகு வந்தது. ஜெர்மானியரான யூஜின் சாண்டோ மேடையேறித் தசையை முறுக்கிக் காட்டிப் புகழ்பெற்றார், 1904–05இல் இந்தியாவிலும் சுற்றினார். நாம் போடும் பனியனில்கூட அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. கல்லைப் பார்த்த கண், அதற்குப் பிறகு தோளைப் பார்க்கத் தொடங்கியது.

4. "அந்தக் காலத்துச் சாப்பாடு" என்கிறீர்களே, யார் வீட்டுச் சாப்பாடு? தோல்வியே அறியாதவர் என்று சொல்லப்படும் காமா பயில்வானை எடுத்துக்கொள்ளுங்கள். 1910இல் லண்டனில் போலந்துக்காரர் ஸ்பிஸ்கோவோடு மணிக்கணக்கில் மோதினார், முடிவு வரவில்லை. 1928இல் பாட்டியாலாவில் அதே ஸ்பிஸ்கோவை ஒரு நிமிடத்துக்குள் வீழ்த்தினார். உயரமோ ஐந்தடி எட்டு அங்குலத்துக்கு மேல் இல்லை. அவர் குடித்த பாலுக்கும் தின்ற பாதாமுக்கும் நெய்க்கும் பணம் கொடுத்தது அரண்மனை. பகல் முழுக்கப் பயிற்சி, பிறகு ஓய்வு, அவருக்கு வேறு வேலை கிடையாது. பயில்வான் உடம்பு என்பது சமஸ்தானக் கருவூலம் வளர்த்த உடம்பு. சமஸ்தானங்கள் போன பிறகு காமாவின் கடைசி வருடங்கள் லாகூரில் நோயிலும் நெருக்கடியிலும் கழிந்தன. 1960இல் இறந்தார்.

நம் முன்னோர் என்ன சாப்பிட்டார்கள்? 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் இந்த மலையில் போ தோட்டத்தைத் தொடங்கினார். ஒரு நீராவி உருளை, சில கோவேறு கழுதைகள், கொஞ்சம் ஆட்கள், இவற்றைக் கொண்டு காட்டை அழித்துத் தோட்டம் போட்டதாக அந்தத் தோட்டத்தின் வரலாறு சொல்கிறது. உருளை எத்தனை என்பது நினைவிருக்கிறது, ஆட்களின் பெயர் ஒன்றுகூட நினைவில் இல்லை. மலாயா தோட்டங்களில் அன்று மலேரியா, கொக்கிப்புழு, ரத்தசோகை. அடுத்த வருடமே உலகப் பொருளாதார மந்தம் வந்தது. கூலி வெட்டப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பழைய தோட்டப் படங்களை உற்றுப் பாருங்கள். விலா எலும்பை எண்ணலாம். "அந்தக் காலத்து உடம்பு" என்று நாம் பேசுவது நம் தாத்தாக்களின் உடம்பை இல்லை, சினிமாவிலும் சுவரொட்டியிலும் பார்த்த வேறொருவர் உடம்பை. அதை நம் வம்சத்தில் சேர்த்துக்கொண்டு, உள்ளபடி மெலிந்த உடம்போடு காட்டை வெட்டிய மனிதர்களை மறந்தோம்.

5. இந்த நம்பிக்கைக்கு விலை கொடுத்தது யார்? என் கோபத்துக்கு மூலகாரணம் இதுதான். 1920களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் இந்தியத் தொழிலாளருக்கு அரசு நிர்ணயித்த நாள் கூலி: உடல்வலு உள்ள ஆணுக்கு 50 காசு, உடல்வலு உள்ள பெண்ணுக்கு 40 காசு. இதைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். கூலியின் அளவுகோல் உடல்வலு. அதிலும் இருவருமே வலு உள்ளவர்கள் என்று ஒப்புக்கொண்ட பிறகும், பெண்ணின் வலுவுக்குப் பத்துக் காசு குறைவு.

கொழுந்து கிள்ளுவதில் ஆணை மிஞ்சுகிறவர்கள் பெண்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும், முற்றலில்லாமல், தண்டு ஒடியாமல், இரண்டு கையும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். பிரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்பதற்கு முன்னால் அடுப்பு, பிள்ளை, தண்ணீர். வேலை முடிந்து வந்தால் மறுபடி அடுப்பு. அந்தப் பத்துக் காசை எந்த நியாயத்தில் வெட்டினார்கள்? பலம் என்றால் அகன்ற மார்பு, தடித்த புஜம், ஆண் உடம்பு என்ற ஒரே நியாயம்தான். துரைக்கு அது கணக்குப் புத்தகத்தில் லாபம். நமக்கு என்ன லாபம்? ஒன்றுமில்லை. ஆனால் துரைமார் போன பிறகும் அந்தக் கணக்கைக் கோயில் வாசலில் ஒலிபெருக்கி வைத்து நாமே படித்துக்கொண்டிருக்கிறோம். "அம்மாமாரு கொழுந்து கிள்ளுறதைப் பார்த்து வளர்ந்ததால பலம் தெரியல" என்ற அந்த வாக்கியத்துக்குள் இருப்பது அதே பத்துக் காசு.

இப்போது அதே மேட்டில் வங்காளதேசத்துப் பிள்ளைகளும் நேபாளத்துப் பிள்ளைகளும் கொழுந்து வெட்டும் இயந்திரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு புதர்வரிசையில் நடக்கிறார்கள். ஒல்லியான பையன்கள். அவர்களைப் பார்த்து நம் ஆட்களே "நோஞ்சான்" என்று சொல்வதை இந்தக் காதால் கேட்டேன். நூறு வருடத்துக்கு முன்னால் நம் தாத்தாவைப் பார்த்து ஒருவன் சொன்ன சொல் அது.

6. பெரிய உடம்பு ஆரோக்கியம் என்று யார் சொன்னது? ஆந்த்ரே தி ஜெயன்ட், ஏழடி மனிதர், மல்யுத்த உலகின் அதிசயம். அந்த உடம்பு பிட்யூட்டரி சுரப்பியின் கோளாறு வளர்த்தது. 46 வயதில், 1993இல், இதயம் நின்றுபோனது. யோகோசுனா என்ற பெயரில் ஆடியவர் 2000இல் இறந்தபோது வயது 34. நம் பையன்கள் கொண்டாடும் கிரேட் காளி, இமாசலத்தில் சாலைக் கூலியாக இருந்தவர். 2007இல் உலக ஹெவிவெயிட் பட்டம் வென்றார். அவருக்கும் அதே சுரப்பிக் கோளாறுதான், 2012இல் கட்டியை அறுவைசிகிச்சை செய்து எடுத்தார்கள். நோயின் அறிகுறியைப் பார்த்துத்தான் நாம் விசிலடித்தோம்.

மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு சொன்னது. இந்தியரிடையே அது இன்னும் அதிகம். அப்படியிருந்தும் தொப்பை வைத்த பிள்ளையை மடியில் வைத்து "நல்ல பீமனாட்டம் இருக்கான்" என்கிறோம், ஒல்லிப் பிள்ளைக்குத் திட்டித் திட்டி ஊட்டுகிறோம். வளர்ந்த பிறகு ஜிம்முக்குப் போய் அவன் ஊசி தேடுகிறான். என் அக்காள் மகன் தேடினான். இருபத்திரண்டு வயது. யாரோ கொடுத்த ஊசியை ஆறு மாதம் போட்டுக்கொண்டு, ஒரு நாள் மாடிப்படி ஏற முடியாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஸ்டீராய்டு தசையை மட்டும் வளர்ப்பதில்லை, இதயச் சுவரையும் தடிக்க வைக்கும், ஈரலைக் கெடுக்கும். பிழைத்துவிட்டான். ஏன்டா போட்டாய் என்று கேட்டேன். "எல்லாரும் நோஞ்சான்னு சொன்னாங்க மாமா" என்றான். சொன்னவர்களில் நானும் ஒருவன்.

7. கடைசியாக, தன்மானம். எதிர்த் தரப்பின் வாதத்தில் எனக்கு உள்ளபடியே கனமாகத் தோன்றுவது இது ஒன்றுதான். வெள்ளைக்காரனை நம் ஆள் தூக்கிப்போட்டான் என்ற நிறைவை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் மேடையில் விழுந்த கிங்காங் நம் துரை இல்லை, பிழைப்புக்காக ஊர் ஊராகச் சுற்றிய ஒரு வித்தைக்காரர். துரை பங்களாவில் தூங்கிக்கொண்டிருந்தார். மறுநாள் விடியலில் பிரட்டு மணி அதே நேரத்துக்கு அடித்தது.

துரைமாரை உண்மையிலேயே அசைத்த உடம்புகள் 1941இல் கிள்ளான் பகுதித் தோட்டங்களில் நின்றன. ரப்பர் மரம் சீவும் மெலிந்த மனிதர்கள். கூலி உயர்வு கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொன்னார்கள். சைக்கிளில் உட்கார்ந்தபடியே துரையைக் கடந்து போவதற்காக வேலைநிறுத்தம்! தலைவர் ஆர். எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். படை வந்தது, சுட்டது, தொழிலாளர்கள் செத்தார்கள். அந்தச் சைக்கிள்காரர்களில் எவருக்கும் கிங்காங்கின் கை அகலத்துக்கு மார்பு இருந்திருக்காது. நம் கோயில் ஒலிபெருக்கியில் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை.

கோயில் கமிட்டிக்கு எழுத்தில் ஒன்று கொடுத்திருக்கிறேன். வருகிற பொங்கல் விளையாட்டில் கட்டழகர் போட்டி நடத்துங்கள், நான் தடுக்கவில்லை. அதோடு கூடைப் போட்டி ஒன்று வேண்டும். ஓடைக்கரையிலிருந்து பழைய நிறுவைக் கொட்டகை வரை. யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம்: ஆண், பெண், நேபாளத்துப் பையன், எழுபது வயதுப் பாட்டி. கூடையின் எடையைத் தூக்குபவரின் எடையால் வகுத்து மதிப்பெண் போட வேண்டும். ஒரே பரிசு, ஆணுக்குத் தனி பெண்ணுக்குத் தனி என்று பிரிக்கக் கூடாது. தராசும் கணக்கு நோட்டும் நான் கொண்டுவருகிறேன்.